இறங்காத கேடயம்

உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணிய ஆறாயிரத்து ஐந்நூற்று எண்பத்தைந்தாம் ஆண்டு பிறந்து மூன்றாம் நாள், செப்டம்பர் மூன்றாம் தேதி காலையில், பதினொரு வீரர்கள் மரியானோஸ் என்ற தளபதியை ஒரு கேடயத்தின் மேல் நிற்க வைத்து, லித்தரா ஊரின் சந்தைத் திடலில் தலைக்கு மேல் தூக்கி, பேரரசர் வாழ்க என்று கத்தி, நாட்டு வழக்கப்படி அவர் பேரரசராகிவிட்டார் என்று திருப்தியடைந்து, கை வலித்ததால் கேடயத்தை இறக்கப் பார்த்தபோது அது இறங்கவில்லை.

"இழுங்கடா" என்றான் அர்த்தவான். அந்தப் படையின் மூத்த தலைவன் அவன். இடது கண் கிடையாது. பதினொரு பேரும் கேடயத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினார்கள். அது அவர்களையும் சேர்த்து ஒரு முழம் தூக்கியது. ஒவ்வொருவராகக் கைவிட்டு விழ விழ, பாரம் இறக்கிய படகு போல மெல்ல மேலேறி, தேவாலயத்தின் கூரை விளிம்புக்கு நேராக வந்து நின்றுகொண்டது. பேரரசர்களுக்கு மட்டுமே உரிய சிவப்புக் காலணி கிடைக்காததால் மரியானோஸின் பழைய காலணிகளுக்கு அன்று காலைதான் சாயம் பூசியிருந்தார்கள். காயாத சாயம் கேடயத்தின் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் திடலில் விழுந்தது. பார்த்தவர்கள் முதலில் அதை வேறொன்றாக நினைத்தார்கள்.

அந்தப் பேரரசில் ஒருவனைப் பேரரசனாக்கக் கேடயமும் சில கைகளும் போதும். தூக்கப்பட்டவன் தலைநகரைப் பிடித்துவிட்டால் பேரரசர், பிடிக்காவிட்டால் துரோகி. இரண்டுக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு குளிர்காலம்தான் இருந்தது. தோற்றவனை அவர்கள் கொல்வதில்லை. உடலில் குறையுள்ளவன் அரியணையில் அமர முடியாது என்பது சட்டம் என்பதால், காய்ச்சிய இரும்பால் கண்களை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதைத் தலைநகரில் கருணை என்று சொன்னார்கள். முற்காலத்தில் மூக்கை அறுத்துப் பார்த்தார்கள் என்றும், அப்படி அறுபட்ட ஒருவர் பொன்னால் மூக்குச் செய்து மாட்டிக்கொண்டு திரும்பி வந்து ஆண்டுவிட்டார் என்றும், அதிலிருந்து கண்ணைத் தவிர வேறெதையும் நம்புவதில்லை என்றும் சொல்வார்கள். அர்த்தவானை யாரோ எங்கோ பேரரசர் என்று குடிபோதையில் அழைத்துவிட்டதற்காக அவனுக்கு ஒரு கண் போனது. வெறும் பேச்சுதான் என்று தெரிந்ததால் பாதிக் கருணையோடு நிறுத்தினார்கள். அதனால்தான் மூத்தவனான அவனை விட்டுவிட்டு மரியானோஸைத் தூக்கினார்கள்; உயரமான ஆள், பல் ஒன்றுகூட விழவில்லை, எதிர்மலையில் மேயும் ஆடுகளில் நொண்டுவது எது என்று இங்கிருந்தே சொல்லும் கண்கள். பனி விழும் முன் கிழக்கு மலைகளைத் தாண்டிப் போங்கள் என்று தலைநகரிலிருந்து உத்தரவு வந்திருந்தது, அந்த உத்தரவை ரத்து செய்ய வீரர்களுக்கு ஒரு பேரரசர் தேவைப்பட்டார், அவ்வளவுதான் காரணம். மரியானோஸ் மூன்று முறை மறுத்தார். மூன்று முறை மறுப்பதும் வழக்கம் என்பதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருடைய மனைவி தொம்னிகா ஊர் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கூச்சல் கேட்டு, கையில் ஒட்டிய மாவோடு திடலுக்கு வந்து, எல்லோரும் அண்ணாந்து நிற்பதைப் பார்த்து அவளும் அண்ணாந்தாள்.

"என்னங்க இது?"

"நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றார் மேலிருந்து.

"எறங்குங்க முதல்ல."

"எறங்க முடியலையே."

"வேணாம்னு சொல்லத் தெரியுது, எறங்கத் தெரியலையா?" என்றாள். அந்தப் பெண் ஏழு கோட்டைகளுக்கு அவர் பின்னால் மூட்டை கட்டியவள். இந்தக் குளிர்காலம்தான் கடைசி, வசந்தம் வந்ததும் படையை விட்டுவிட்டு, தெற்கு மலைச்சரிவில் இருக்கும் அவள் அப்பாவின் வாதுமைத் தோட்டத்துக்குப் போய்விடலாம் என்று அவர் கோடையில் சத்தியம் செய்திருந்தார். குழந்தைகள் தங்கவில்லை, அவளுக்கு இருந்தது அந்தச் சத்தியமும் அதைச் செய்த ஆளும்தான்.

ஏணி வைத்தார்கள். அவர் ஏணியில் கால் வைத்தபோது கேடயம் காலுக்கும் படிக்கும் நடுவில் வந்து நின்றது. குதித்தார், அதுவும் கூடவே குதித்து, பாதங்களை ஏந்தி, பழைய உயரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. கயிறு கட்டி நான்கு எருதுகளைப் பூட்டினார்கள், கயிறு அறுந்து ஓர் எருது முட்டி போட்டது. ஊர்த் தேவாலயத்தின் ஆயர் கிளிமிஸ் வந்து, முறைப்படி அரியணையைத் துறந்துவிட்டால் சரியாகிவிடும் என்று யோசனை சொன்னார். "நான் பேரரசன் இல்லை" என்று மரியானோஸ் திடல் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். கேடயம் ஒரு சாண் மேலே போனது. மறுபடி கத்தினார், இன்னொரு சாண் போனது. உண்மையான பேரரசர்கள் அடக்கத்தோடு மறுப்பார்கள் என்று ஆயரே எத்தனையோ பிரசங்கங்களில் சொல்லியிருந்ததால், மூன்றாவது முறை கத்த வேண்டாம் என்று அவரே கையைக் காட்டினார்.

அதன்பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது.

வாதுமைக் காய் தட்டும் நீளக் கழிகள் இரண்டைச் சேர்த்துக் கட்டி, நுனியில் கூடை மாட்டி, தொம்னிகா வேளாவேளைக்குச் சாப்பாடு ஏற்றினாள். கம்பளிப் போர்வையும் மழைக்கு எண்ணெய்த் துணியும் அதே கழியில் போயின, காலையில் ஒரு மூடி போட்ட பானை அதே கழியில் இறங்கியது. பேரரசர்களுக்கும் பானை வேண்டும் என்ற செய்தி சில நாள் சந்தையில் சிரிப்பாக இருந்தது, பிறகு சலித்துவிட்டது. கேடயத்தின் நிழல் காலையில் உப்பு விற்கிறவர்கள் மேலும் நண்பகலில் வறுத்த கொண்டைக்கடலை விற்கும் ஸ்தமாதாவின் மேலும் பிற்பகலில் தோல் வியாபாரிகள் மேலும் விழுந்ததால், அந்த இடங்களுக்குச் சண்டை வந்தது. நண்பகல் நிழல் தனக்குத்தான் என்று ஸ்தமாதா ஒரு கல்லை உருட்டிவந்து போட்டு உட்கார்ந்துகொண்டாள். வழிபாட்டில் பேரரசரின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ளும் இடம் வரும்போது, தலைநகரில் இருக்கிறவர் பெயரைச் சொல்வதா, கூரைக்கு வெளியே இருக்கிறவர் பெயரைச் சொல்வதா என்று தெரியாமல் ஆயர் அந்த இடத்தில் இருமினார். இரண்டு மூன்று ஞாயிறுகளில் மக்களும் அந்த இடம் வந்ததும் சேர்ந்து இருமக் கற்றுக்கொண்டார்கள்.

மேலே இருந்தவருக்கு வேறு வேலை இல்லை, பார்ப்பதைத் தவிர.

"மேல இருக்கிறவருக்கு எல்லாம் தெரியுமாம்ல? என் சேவலை எவன் தூக்கினான்னு சொல்லட்டும் பார்ப்போம்" என்று ஸ்தமாதா ஒரு நாள் சந்தையில் சத்தம் போட்டாள்.

"செருப்புத் தைக்கிறவன் கொல்லைல இறகு கிடக்கு, ஸ்தமாதா. சேவல் இல்ல" என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து ஊர் அவருடைய கண்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. காணாமல் போன ஆடு எந்த ஓடையில் நிற்கிறது, உப்பு ஏரிப் பக்கமிருந்து மழை எப்போது வரும், யார் வைக்கோல்போரில் புகை, யாருடைய மகள் யாரோடு திராட்சைக் கொடிகளுக்கு நடுவில் என்று எல்லாம் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் அவர் பதில் சொல்ல மாட்டார். தூரத்து ஊர்களிலிருந்து நோயாளிகளைத் தூக்கிவந்து நிழலில் கிடத்தினார்கள். சிலருக்குக் குணமானது, சிலர் செத்தார்கள், வராதவர்களுக்கும் அப்படித்தான் நடந்தது. பேரரசர் இல்லாமல் அணிவகுத்துப் போக முடியாது, பேரரசரோ திடலை விட்டு நகர மாட்டார் என்பதால் படை கிழக்கே போகவில்லை. அந்த அளவில் வீரர்கள் கேட்டது அவர்களுக்குக் கிடைத்தது. பனி விழுந்து கணவாய்கள் மூடியதும் ஒவ்வொருவராக வீட்டுக்குக் கிளம்பினார்கள், ஜனவரி பிறப்பதற்குள் அர்த்தவானும் தூக்கின பதினொரு பேரில் ஆறு பேரும்தான் மிச்சம். தூக்கின குற்றத்துக்கு எங்கே போனாலும் தேடுவார்கள் என்பதால் அவர்கள் எங்கும் போகவில்லை.

மாலையில் கூட்டம் கலைந்த பிறகு தொம்னிகா தேவாலயச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேசுவாள்.

"கால் மரத்துப்போகுதா?"

"உட்கார்ந்துக்கறேன். படுத்தா தலை வெளிய தொங்குது, இல்லன்னா கால் தொங்குது. பேரரசர்கள் எல்லாம் குள்ளமா இருந்திருப்பாங்க போல."

"எங்கப்பா தோட்டம் தெரியுதா அங்கேருந்து?"

"வெயில் நல்லா இருந்தா தெரியுது. இப்ப வெறும் கிளைதான். பூ விட்டா சொல்றேன்."

இதை அவர்கள் குளிர்காலம் முழுவதும் பேசினார்கள்.

பனி உருகத் தொடங்கியபோது முதலில் வந்த செய்தி அமரா ஊரைப் பற்றியது. அங்கேயும் ஒருவனைத் தூக்கியிருந்தார்கள், அவன் சாதாரணமாக இறங்கிவிட்டான், தலைநகரின் படை வந்து அவன் கண்களை எடுத்ததோடு நிற்காமல் ஊரையும் கொளுத்திவிட்டுப் போனது. அமராவிலிருந்து தப்பிய ஒரு குயவன் லித்தராவின் திடலுக்கு வந்து, மேலே பார்த்து, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் மேற்கே நடந்துவிட்டான். அவன் பேசியிருந்தால் பரவாயில்லை என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள்.

அவரை மறைக்க முயன்றார்கள். கேடயத்தைச் சுற்றிப் பூண்டுச் சரங்களையும் வெங்காயச் சரங்களையும் கழியால் தொங்கவிட்டு, மேலே சாக்குத் துணியைப் போர்த்தி, யாராவது கேட்டால் தேவாலயத்துக்குப் புதிதாக மணிக்கூண்டு கட்டுகிறோம் என்று சொல்வதாக முடிவானது. வெங்காயம் முளைவிட்டது. "மணிக்கூண்டு தும்முது" என்று ஸ்தமாதா சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் சாக்கை எடுத்துவிட்டார்கள்.

மார்ச் மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை, நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால், மரியானோஸ் எழுந்து நின்று மேற்கே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சந்தை தானாக அமைதியானது.

"தூசி" என்றார். "பெரிய படை. இன்னைக்கு ஏரிக்கரையில தங்குவாங்க. நாளை மதியத்துக்கு இங்க இருப்பாங்க."

"கொடி?" என்று அர்த்தவான் கேட்டான்.

"தலைநகரக் கொடி. முன்னால ஒரு வெள்ளைக் கோவேறு கழுதை. அது மேல ஒரு பெட்டி. அரச ஊதாத் துணி போட்டு மூடியிருக்கு. ரெண்டு பக்கமும் ஆள் நடந்து வர்றாங்க."

அர்த்தவான் தன் வெறும் கண்குழியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எனக்கும் இப்படித்தான் வந்தது என்றான். அதே வெள்ளைக் கழுதை, அதே ஊதாத் துணி. குடிமக்களின் கண்கள் பேரரசருக்குச் சொந்தம், அதனால் அவற்றை எடுக்கும் இரும்பும் அவருடைய துணியால் மூடித்தான் வரும், உள்ளே கரி அடுப்பும் இரண்டு கம்பியும் இருக்கும், துணியை விலக்கும்போது அதில் ஒரு சுருக்கம்கூட இருக்காது என்றான். அவன் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை. அந்தத் துணியைப் பக்கத்தில் பார்த்தவன் அந்த ஊரில் அவன் ஒருவன்தான்.

ஊர் தேவாலய வாசலில் கூடியது. மேலே இருப்பவருக்கும் கேட்கும் என்பதால் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள், அவருக்கு எல்லாம் கேட்டது. ஓடிப் போகலாம் என்றார்கள் சிலர். குழந்தைகளோடும் கிழவர்களோடும் ஒரே நாளில் குதிரைப்படையிடமிருந்து எங்கே ஓடுவது. அவர் மேலேயே இருக்கட்டும், நமக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடலாம் என்றார் ஒரு தோல் வியாபாரி. குளிர்காலம் முழுக்க அவருடைய நிழலில் கடை போட்டவர் அவர்.

"மேல இருந்தா அம்பு விடுவாங்க. எறங்கினா கண்ணை எடுப்பாங்க. ரெண்டுலயும் ஊர் எரியும். அவங்க வரும்போது இங்க பேரரசர்னு ஒருத்தர் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றான் அர்த்தவான்.

"அவரு எறங்க மாட்டேங்கிறாரே" என்றாள் ஸ்தமாதா.

"அவரு இல்ல, கேடயம். அது பேரரசரைத்தான் பிடிச்சு வச்சிருக்கு" என்றார் ஆயர் கிளிமிஸ். சொல்லிவிட்டு இருமினார். வழிபாட்டில் இருமுகிற அதே இருமல். எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் தொம்னிகாவின் பக்கம் பார்க்கவில்லை. அப்படி ஒரு கூட்டம் முழுவதும் ஒருத்தியைப் பார்க்காமல் இருந்ததே அவளிடம் கேட்டதுபோல ஆகிவிட்டது.

அவள் எழுந்து, முந்தானை போலத் தலையில் போட்டிருந்த துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, கேடயத்துக்கு நேர் கீழே போய் நின்றாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அவங்க கையால வேணாங்க. அவங்க பண்ணினா பாதிப் பேர் புண்ணு புழுத்துச் சாகறாங்க. அதுக்கப்புறம் ஊரையும் எரிப்பாங்க. நாம முன்னாடியே..." என்று நிறுத்தினாள். "கண்ணு இல்லாம இருந்தா பேரரசர் இல்ல. பேரரசர் இல்லன்னா அது விட்டுரும். எனக்கு நீங்க கீழ வேணும். எப்படியாவது."

அவர் கேடயத்தின் விளிம்புக்கு வந்து குனிந்தார்.

"என் கோவணம் வரைக்கும் ஊரே பார்த்துச்சு, இப்ப நான் மட்டும் எதையும் பார்க்கக் கூடாதா?" என்றார்.

"சிரிக்காதீங்க."

"சிரிக்கல, தொம்னிகா. வாதுமை பூத்திருக்கு. நேத்து சாயங்காலம் பார்த்தேன், சரிவு முழுக்க வெள்ளையா இருக்கு, பனின்னு நெனச்சேன், பனி இல்ல. எறங்கும்போது சொல்லலாம்னு வச்சிருந்தேன்." பிறகு சொன்னார்: "சரி. இரும்பை அனுப்பு. நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்க."

"திரும்ப மாட்டேன்" என்றாள்.

கொல்லன் கம்பியைக் காய்ச்சினான். சிவப்பு ஆறிவிடக் கூடாது என்பதற்காகக் கூடையில் ஒரு சட்டி நிறையக் கரி நெருப்பும் வைத்தார்கள். ரொட்டியும் போர்வையும் ஏற்றின கழியை அவளேதான் பிடித்து உயர்த்தினாள், கழி சாய்ந்தால் நெருப்புக் கொட்டும் என்று அர்த்தவான் உதவிக்கு வந்தபோது அவனைத் தள்ளிவிட்டாள். ஒரு பொறிகூடச் சிந்தவில்லை. மேலே மரியானோஸ் ஒருமுறை சுற்றித் திரும்பினார். ஏரி, ஓடை, ஸ்தமாதாவின் கடை, தெற்குச் சரிவு. தெற்கே மட்டும் கூடுதலாக நின்றார். பிறகு கூடையைக் கேடயத்தின் மேல் இறக்கிவைத்துக் கம்பியை எடுத்தார்.

முதல் கண் போனபோது கேடயம் பாதி தூரம் இறங்கியது. அங்கேயே நின்றது. பாதிக் குறை உள்ளவன் பாதிப் பேரரசன் என்று அது கணக்குப் போட்டிருக்க வேண்டும். தொம்னிகா எம்பிக் கையை நீட்டினாள், விரல் நுனி கேடயத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டது, பிடிக்க முடியவில்லை. "இவ்வளவு போதும், குதிங்க" என்றாள். அவர் குதித்தார், கேடயம் கூடவே குதித்து அவரை அதே பாதி உயரத்தில் நிறுத்தியது. பாதித் தூரத்திலிருந்தும் தெற்குச் சரிவு தெரிந்திருக்குமா என்று பிற்பாடு அவள் யோசித்தாள். கேட்கவில்லை. கூடையில் கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அவர் இன்னொரு முறை கையை நீட்டித் துழாவி, கம்பியைத் திரும்பவும் நெருப்பில் வைத்தார். அது சிவக்கும் வரை ஊர் முழுவதும் காத்திருந்தது.

இரண்டாவது முறை கேடயம் ஓர் இலை இறங்குவது போலத் தரைக்கு வந்தது. அவர் ஆறு மாதத்தில் முதல் முறையாக மண்ணில் கால் வைத்து, நிற்கத் தெரியாமல், அவள் மேல் விழுந்தார்.

மறுநாள் மதியம் படை வந்தது. கொளுத்துகிற படை போல வரவில்லை; முன்வரிசைக் குதிரைகளின் கழுத்தில் வாதுமைக் கிளைகள் பூவோடு கட்டியிருந்தன. தளபதி தெமெத்ரியோஸ் திடலுக்கு வந்து, குதிரையிலிருந்து இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, தேவாலயக் கூரைக்கு மேலே பார்த்து முழங்காலிட்டார். அவருக்குப் பின்னால் படை முழுவதும் முழங்காலிட்டது. எல்லோரும் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கே அவர்?" என்று தெமெத்ரியோஸ் கேட்டார்.

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே தொடர்ந்தார். தலைநகரில் பேரரசர் குளியல் அறையில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டார், வாரிசு இல்லை, ஒரு மாதமாக ஆளுக்கு ஆள் அடித்துக்கொண்டார்கள், கடைசியில் கிழக்கே ஓர் ஊரில் வானமே தாங்கிப் பிடித்திருக்கும் ஒருவர் இருக்கிறார், மனிதர்கள் கையை எடுத்த பிறகும் இறங்காதவர், அவரைவிடத் தகுதியானவர் யார் என்று அடித்துக்கொண்ட மூன்று படைகளும் ஆயர்களும் ஒத்துக்கொண்டார்கள். இதைச் சொல்லிவிட்டு அவர் வெள்ளைக் கழுதையின் மேலிருந்த பெட்டியிலிருந்து ஊதாத் துணியை விலக்கினார். துணியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. உள்ளே மணிமுடியும் ஒரு ஜோடி சிவப்புக் காலணியும் இருந்தன.

அர்த்தவான் திடலின் நடுவில் நின்று தன் ஒரு கண்ணால் அந்தக் காலணிகளைப் பார்த்தான். அதன்பிறகு அவனை அந்த ஊரில் யாரும் பார்க்கவில்லை.

தேவாலயச் சுவரோரம் கண்ணைச் சுற்றித் துணி கட்டி உட்கார்ந்திருந்தவரைத் தெமெத்ரியோஸ் கடைசியில்தான் கவனித்தார். பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"யார் இதைப் பண்ணினது?"

"நான்" என்றார் மரியானோஸ்.

"நான்" என்றாள் தொம்னிகா.

தெமெத்ரியோஸ் இருவரையும் பார்த்தார். கோபப்படலாமா என்று யோசித்தவர் போலத் தெரிந்தது, கோபப்படுவதற்குக்கூட அங்கே ஒரு பேரரசர் தேவை என்று விட்டுவிட்டிருக்கலாம். காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நடந்தார். இவ்வளவு தூரம் வந்த படை வெறுங்கையோடு திரும்பாது. அவருடைய வீரர்கள் அதே கேடயத்தை எடுத்து, சாம்பலையும் மற்றதையும் துடைத்துவிட்டு, அவரை அதன் மேல் நிற்க வைத்துத் தூக்கினார்கள். அவர் மூன்று முறை மறுத்தார். ஸ்தமாதா தன் கல்லைப் பழைய இடத்துக்கு உருட்டிக்கொண்டு போய், நண்பகல் நிழல் விழும் இடத்தில் கடையைப் பரப்பினாள்.

வீரர்கள் கைகளை எடுத்தார்கள். கேடயம் விழுந்தது. தெமெத்ரியோஸின் கால் முறிந்தது.

படை மறுநாள் காலணிகளைப் பழையபடி துணியால் மூடி, தளபதியை வண்டியில் கிடத்தி, வேறு ஊருக்குப் போனது. லித்தரா எரியவில்லை. விழுந்த வேகத்தில் மரம் பிளந்த கேடயத்திலிருந்து வெண்கலத் தகட்டை உரித்து ஸ்தமாதா கடலை வறுக்க எடுத்துக்கொண்டாள், நல்ல கனமான தகடு, சூடு சீராகப் பரவியது. ஆயர் இருமுவதை நிறுத்தவில்லை, இப்போது சொல்ல ஒரு பெயரும் இல்லை.

ஊர் அந்த இருவரோடும் பேசுவதைத்தான் நிறுத்திக்கொண்டது. பேரரசரின் ஊர் என்று ஆகியிருக்க வேண்டியது, வரி இல்லை, சாலை வந்திருக்கும், தேவாலயத்துக்கு உண்மையிலேயே மணிக்கூண்டு வந்திருக்கும்.

"ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று கடலையை மடித்துக் கொடுத்தபோது ஸ்தமாதா கேட்டாள். "ஒரே ஒரு நாள். நீ கெட்டிக்காரின்னு நெனச்சேன், தங்கச்சி."

தொம்னிகா கடலையை வாங்கிக்கொள்ளவில்லை. புண் கொஞ்சம் ஆறியதும் மூட்டையைக் கட்டினாள், அவருக்குக் கழியின் ஒரு நுனியைப் பிடிக்கக் கொடுத்துவிட்டு மறு நுனியைத் தான் பிடித்துக்கொண்டு, ஏரிக்கரை வழியாகத் தெற்கே நடந்தாள். அவர்கள் போவதை யாரும் வாசலில் நின்று பார்க்கவில்லை. மேலிருந்து பார்த்துச் சொல்லவும் யாரும் இல்லை.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மரங்கள் இல்லை. அந்தப் பெரிய படை ஏரிக்கரையில் தங்கிய மாலை, விறகுக்காக ஆள் அனுப்பிச் சரிவு முழுவதையும் வெட்டியிருந்தது; பூத்த சின்னக் கிளைகளைத்தான் குதிரைகளின் கழுத்தில் கட்டியிருந்தார்கள். இடுப்புயரத்துக்கு அடிமரங்கள், வெட்டுவாயில் பிசின் கட்டி நின்றது. தொம்னிகா நடுத் தோட்டத்தில் நின்றாள்.

"வந்துட்டமா?" என்று கேட்டார்.

"வந்துட்டோம்."

"எப்படி இருக்கு?"

"பூவெல்லாம் உதிர்ந்துருச்சு" என்றாள். "இலை விட்டிருக்கு. அடர்த்தியா."

ஏப்ரல் மாதத்து வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கையை நீட்டி எதையும் தொட்டுப் பார்க்கவும் இல்லை.

"நல்ல நிழல்" என்றார்.

ஆறாயிரத்து ஐந்நூற்று எண்பத்தாறாம் ஆண்டு, ஜனவரி பதினேழாம் நாள், மரியானோஸ் காய்ச்சலில் இறந்தார். பக்கத்து ஊரிலிருந்து வந்த நான்கு பேர் உடலைப் பலகையில் வைத்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கியபோது, ஒரு கணம் கையை எடுத்துப் பார்க்கும்படி தொம்னிகா கேட்டுக்கொண்டாள். எடுத்தார்கள். பலகை கீழே விழுந்தது.